விண்டோஸ் 11: பில்லிங் புரோகிராம் தானாகத் திறக்கிறது, இசட் டிரைவ் தெரியவில்லை

நண்பர்களே, லேப்டாப்பில் லாக் ஆன் செய்ததும் பில்லிங் புரோகிராம் தானாகத் திறக்க வேண்டும். இந்தப் புரோகிராமுக்கு அட்மின் அனுமதி கட்டாயம். அதனால் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஷார்ட்கட் போட்டால் திறப்பதில்லை. அதனால் டாஸ்க் ஷெட்யூலரில் (புரோகிராம்களைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி) வைத்தாயிற்று: ட்ரிக்கர் "அட் லாக் ஆன்", தாமதம் 30 விநாடி, "ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்" டிக். "ஸ்டார்ட் இன்" கட்டத்தில் புரோகிராமின் ஃபோல்டர் பாதையும் உண்டு. அதைக் காலியாக விட்டால் புரோகிராம் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் போய் செட்டிங் ஃபைலைத் தேடும். லேப்டாப் என்பதால் கண்டிஷன்ஸில் "ஏசி பவரில் மட்டும் தொடங்கு" என்ற டிக்கை எடுத்தேன், இல்லையென்றால் பேட்டரியில் ஓடாது.

இப்போது சரியாகத் திறக்கிறது. ஆனால் டேட்டா இருக்கும் இசட் நெட்வொர்க் டிரைவ் அதற்குத் தெரியவில்லை, எக்ஸ்ப்ளோரரில் தெரிகிறது. சாதாரண உரிமையில் மேப் செய்த (எழுத்து கொடுத்து இணைத்த) டிரைவ் அட்மின் உரிமையில் ஓடும் புரோகிராமுக்குத் தெரியாது, காரணம் அதுதான். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் செட்டிங்குகளின் சேமிப்பு) எனேபிள்லிங்க்டுகனெக்ஷன்ஸ் மதிப்பை 1 ஆக்கி இரண்டு உரிமைக்கும் டிரைவ் தெரியும்படி செய்வதா, டிரைவ் எழுத்தை விட்டு நேரடி சர்வர் பாதை கொடுப்பதா? எது நம்பகமானது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.