இன்-இயர் மானிட்டருக்கும் மேசை ஆம்ப்ளிஃபையருக்கும் ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கும் நான், இரவில் வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்காமல் கர்நாடக இசை கேட்பதற்காக, 150 வெள்ளிக்குள் ஓர் இன்-இயர் மானிட்டரும் (காதுக்குள் செருகும் இயர்போன்) 500 வெள்ளிக்குள் ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையரும் வாங்க எண்ணியுள்ளேன். என்னிடம் ஏற்கெனவே உள்ள சென்ஹைசர் எச்டி 600 ஹெட்ஃபோனின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 300 ஓம் என்பதால், மடிக்கணினியில் நேரடியாகச் செருகினால் போதிய மின்னழுத்தம் கிடைக்காமல் ஒலி அடங்கியே கேட்கிறது. இன்-இயர் வகையோ இதற்கு நேர்மாறானது. மூன்டிராப் சூ 2 போன்றவை ஏறத்தாழ 18 ஓம்தான். சிறிதளவு ஆற்றலிலேயே உரக்க ஒலிக்கும் அவற்றில், ஆம்ப்ளிஃபையரின் பின்னணி இரைச்சலும் தம்புராவின் சுருதிக்கு அடியில் கேட்டுவிடுமோ என்பதே என் முதன்மையான கவலை.

ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு, செவிக்கருவியுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற பொதுவிதிப்படி, 18 ஓம் இயர்போனுக்கு அது ஏறத்தாழ 2 ஓமுக்குள் இருக்க வேண்டும். குறைந்த கெயினுக்கு (ஒலிச் சைகையைப் பெருக்கும் அளவு) மாற்றும் வசதியுடன் ஹெட்ஃபோன், இயர்போன் இரண்டுக்கும் பொருந்துவதாக நீங்கள் பயன்படுத்திப் பார்த்த ஆம்ப்ளிஃபையர் எது? பாஸ் மிகுந்த இயர்போன் வேண்டாம். மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) வீங்கி ஒலித்தால் எனக்குப் பொறுக்காது. மின்னணுப் பொருள் அங்காடியான லோ யாட் பிளாசாவில் காதில் பொருத்திக் கேட்டுப் பார்க்க அனுமதிக்கும் கடை இருந்தால், அதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.