மறு: பார்க் = நிறுத்து? இதை மாற்றியே ஆக வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

தொலைநோக்கியை இயக்கும் நம் மென்பொருளின் தமிழாக்கத்தில், புதிய பதிப்பின் சரங்களைப் (பொத்தான்களிலும் செய்திகளிலும் வரும் சொற்களைப்) பற்றி நேற்று வந்த மடல்களை இப்போதுதான் படித்து முடித்தேன். பெரும்பாலானவற்றில் எனக்குச் சண்டை இல்லை. ஒன்றே ஒன்றில் உண்டு: தொலைநோக்கியை அதன் ஓய்விடத்துக்கு அனுப்பும் பார்க் (park) கட்டளைக்கு என்ன தமிழ் என்பதில்.

> பார்க் என்பதற்கு ‘நிறுத்து’ பழைய பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதை ஏன் இப்போது கிளற வேண்டும்?

பழைய பதிப்பில் அதைச் சரிபார்த்து ஏற்றவனே நான்தான். அதனால் கிளறுகிற உரிமையும் எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

போன வாரம் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றிவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். தொலைநோக்கி ஓர் இலக்கை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. கேமராவின் யூஎஸ்பி வடம் முக்காலியின் திருகுக் குமிழில் மாட்டி விறைப்பதைப் பார்த்தேன். பதறிப்போய் ‘நிறுத்து’ பொத்தானை அழுத்தினேன். மோட்டார் ஒரு நொடி அடங்கியது. பிறகு வேறு திசையில் முன்னைவிடச் சுறுசுறுப்பாகக் கிளம்பிவிட்டது. வடம் குமிழை இன்னொரு சுற்றுச் சுற்றி, கேமராவிலிருந்து பிடுங்கிக்கொண்டு விழுந்தது. கடைசியில் மின்சாரத்தைத் துண்டித்துத்தான் நிறுத்தினேன். நான் அழுத்தியிருக்க வேண்டிய பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. அதன் பெயர் ‘கைவிடு’. அபார்ட் (abort) என்பதற்கு அகராதி தந்த சொல். ஆபத்து நேரத்தில் எந்தத் தமிழனின் கையும் ‘கைவிடு’ பக்கம் போகாது.

சிக்கல் எங்கே என்றால், ‘வாகன நிறுத்துமிடம்’ சரியான தமிழ். வண்டியைப் பொறுத்தவரை பார்க் என்பது பயணத்தின் முடிவு. தொலைநோக்கிக்கு அது ஒரு பயணத்தின் தொடக்கம். எங்கே நோக்கியிருந்தாலும் சரி, அங்கிருந்து கிளம்பி, முன்பே குறித்துவைத்த இடத்துக்குப் போய், பின்தொடர்வதை விட்டுவிட்டு, தன் இருப்பை நினைவில் பதித்துக்கொண்டு அடங்க வேண்டும். அப்படிப் பதித்துக்கொள்வதால்தான் மறுநாள் இரவு மறுபடி விண்மீன்களைக் காட்டிச் சீரமைக்காமலே வேலையைத் தொடங்க முடிகிறது. அந்த நிலையில் இருக்கும்போது ‘அந்த விண்மீனுக்குப் போ’ என்று சொன்னாலும் போகாது. முதலில் அன்பார்க் செய்து அந்த நிலையிலிருந்து விடுவித்தாக வேண்டும்.

ஆக நம்மிடம் மூன்று வேலைகள் இருக்கின்றன. அபார்ட் என்றால் இருக்கிற இடத்திலேயே இயக்கத்தை நிறுத்துவது. ட்ராக்கிங்கை, அதாவது நகரும் விண்மீனைப் பின்தொடர்வதை, நிறுத்தினால் தொலைநோக்கி அசையாது, வானம் நகர்ந்துகொண்டிருக்கும். வான நடுக்கோட்டருகே ஒரு விண்மீன் நொடிக்கு 15 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) வீதம் நழுவும், நான்கு நிமிடத்தில் ஒரு பாகை போய்விடும். பார்க் மூன்றாவது. பழைய பதிப்பில் இரண்டாவதும் மூன்றாவதும் ‘நிறுத்து’. முதலாவது மட்டும், உண்மையிலேயே நிறுத்துவது, ‘கைவிடு’. இதைவிடத் தலைகீழாகச் செய்ய முயன்றாலும் முடியாது.

> எழுத்துப்பெயர்ப்பாகவே ‘பார்க்’ என்று விட்டுவிடலாமே. பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் ஒரு தொலைநோக்கி மென்பொருளின் பொத்தானில் ‘பார்க்’ என்று எழுதிவைத்தால் ‘பார்க்க’ என்பதில் கடைசி எழுத்து வெட்டுப்பட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். பார்ப்பதற்கென்றே செய்த கருவியில், பார்ப்பதை முடித்துக்கொள்ளும் பொத்தானுக்கு அந்தப் பெயரா?

இனி வந்த பரிந்துரைகள். ‘ஓய்வுநிலை’ நல்ல சொல், ஆனால் பொத்தானில் வினை வேண்டும். தவிர ஐடில், ஸ்டேண்ட்பை எல்லாவற்றுக்கும் அதையே போட்டு வைத்திருக்கிறோம். ‘உறங்கவை’ என்றால் கணினியை உறங்கவைப்பதா, தொலைநோக்கியையா? ‘கிடத்து’ என்பதைப் படித்ததும் எனக்குச் சவம்தான் நினைவுக்கு வந்தது, மன்னிக்கவும். ‘கட்டு – அவிழ்’ எனக்குப் பிடித்திருந்தது. மாட்டைக் கொட்டிலில் கட்டுவது போன்ற காட்சி அப்படியே பொருந்துகிறது. ஆனால் நிரல் எழுதுகிறவர்கள் ‘கட்டு’ என்பதை பில்டு என்ற பொருளில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

‘தரி’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கை வழக்கில் ‘தரிப்பிடம்’ இயல்பாகப் புழங்குகிறது, பரிந்துரைத்தவர் சொன்னது சரியே. பெயர்ச்சொல்லாக மிக அழகு. ஏவலாகத் தனியே நிற்கும்போதுதான் தடுமாறுகிறது. ‘தொலைநோக்கியைத் தரி’ என்றால் அணிந்துகொள்வதா என்று கேட்கத் தோன்றும். ‘தரிக்கச் செய்’ என்று நீட்டினால் கைபேசித் திரையில் பொத்தான் கொள்ளாது.

என் பரிந்துரை: ‘அமர்த்து’. எதிர்ச்சொல் ‘எழுப்பு’.

போய் உட்கார்தல், அடங்குதல் இரண்டுமே அதில் இருக்கின்றன. அசைவை வெட்டி நிறுத்தும் தொனி இல்லை. முக்கியமாக, வேண்டிய வடிவத்துக்கெல்லாம் வளைந்து கொடுக்கிறது. பார்க் பொசிஷன் ‘அமர்நிலை’. போய்க்கொண்டிருக்கும்போது ‘அமர்கிறது’, போய்ச் சேர்ந்ததும் ‘அமர்ந்துள்ளது’. பிழைச் செய்தி: ‘தொலைநோக்கி அமர்ந்துள்ளது. முதலில் எழுப்புக.’ இதைப் படிப்பவருக்கு விளக்கக் குறிப்பே தேவைப்படாது. கலைச்சொல்லுக்கு நான் வைக்கிற தேர்வு இதுதான்: பிழைச் செய்தியில் போட்டுப் பார்ப்பது. தலைப்பில் மினுங்கும் பல சொற்கள் அங்கே நொண்டும்.

‘வேலைக்கு அமர்த்து’ என்று குழம்பாதா என்று கேட்பீர்கள். தொலைநோக்கியை வேலைக்கு வைக்கும் பொத்தான் எதுவும் நம்மிடம் இல்லை. ‘அமர்’ என்றால் போர் என்றும் பழந்தமிழில் பொருள் உண்டு. அதற்கும் நாம் பயப்பட வேண்டியதில்லை.

புதிய பதிப்பில் இது ஏன் அவசரம் என்றால், வானிலைக் கருவி எச்சரித்தால் மென்பொருளே தொலைநோக்கியை பார்க் செய்து கூரையையும் மூடும் வசதி வந்திருக்கிறது. நகரும் கூரை வைத்த ஆய்வகங்களில் தொலைநோக்கியின் குழாய் நிமிர்ந்து நிற்கும்போது கூரை நகர்ந்தால் இடிக்கும். எனவே வரிசை முக்கியம். ‘மழை எச்சரிக்கை: நிறுத்திய பின் மூடு’ என்று எழுதினால் குழாய் நிமிர்ந்தபடி நின்றாலே போதும் என்று ஆகிவிடுகிறது. ‘அமர்த்திய பின் மூடு’ என்றால் அந்த ஐயம் இல்லை. அபார்ட் பொத்தானுக்கு ‘உடனே நிறுத்து’. ட்ராக்கிங்கை நிறுத்துவதற்கு ‘பின்தொடராதே’. ‘கைவிடு’ எல்லா இடத்திலிருந்தும் போகட்டும்.

ஹோம் பற்றி ஒரு வரி. பழைய மொழிபெயர்ப்புகளைச் சேமித்துவைத்துத் தானே நிரப்பும் மொழிபெயர்ப்பு நினைவகம் இணையதளப் பழக்கத்தில் அதை ‘முகப்பு’ ஆக்கிவிட்டிருக்கிறது. ‘தொலைநோக்கியை முகப்புக்கு அனுப்பு’ என்று ஒரு சரம் வெளியாகியே விட்டது. ஹோம் என்பது தொலைநோக்கி திரும்பும் அச்சுகளின் தொடக்கப் புள்ளி, அமர்நிலை வேறு. வானியல் கருவிகளையும் மென்பொருள்களையும் இணைக்கும் ஆஸ்காம் தரத்திலும் இரண்டும் தனித்தனிக் கட்டளைகள். ‘மூலநிலை’ என்று மாற்றியிருக்கிறேன்.

> பிளேட் சால்விங்: ‘தட்டுத் தீர்வு’ வேண்டாம் என்றால் ‘நட்சத்திரப் பொருத்தம்’?

சிரித்துவிட்டேன். பத்தில் எத்தனை பொருந்துகிறது என்று மென்பொருள் சொல்லுமா? ‘தட்டு’ வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். விண்மீன்களைக் கண்ணாடித் தட்டில் படமெடுத்த காலத்தின் மிச்சம் அது, இன்று தட்டும் இல்லை. நடப்பது என்ன? எடுத்த படத்தில் இருக்கும் விண்மீன்களின் அமைப்பை விண்மீன் பட்டியலோடு ஒப்பிட்டு, படத்தின் நடுப்புள்ளி வானில் எங்கே, படம் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இதைச் செய்யும் அஸ்ட்ரோமெட்ரி.நெட் என்ற மென்பொருள் நான்கு நான்கு விண்மீன்களாக எடுத்து அவற்றின் வடிவத்தை வைத்தே தேடுகிறது. பயனருக்கு வேண்டியது விடை மட்டும்: நான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன்? எனவே ‘படவழி இடங்காணல்’, பொத்தானில் ‘இடம் காண்’. தோற்றால் ‘இடம் தெரியவில்லை’. பிழைச் செய்தித் தேர்வில் இதுவும் தேறுகிறது.

மெரிடியன் ஃபிளிப் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இலக்கு உச்சிவட்டத்தை (தலைக்கு மேலே வடக்குத் தெற்காகச் செல்லும் கற்பனைக் கோட்டை) கடந்ததும் குழாய் அதைத் தாங்கும் தூணின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுவதைப் பார்க்கும்போது, சுமை தூக்குகிறவர் தோள் மாற்றுவது போல இருக்கிறது. ‘தோள்மாற்று’ என்று வைத்தால் அதிகப்படியா? ‘உச்சிப் புரட்டல்’ என்பதைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது, ஆனால் தூணே இல்லாத முக்காலியில் பயன்படுத்துகிறவருக்குப் புரியுமா என்று யாராவது சொல்லுங்கள்.

அமர்த்து, எழுப்பு தொடர்பான சரங்களை என் கிளையில் (எனக்கான தனி நகலில்) மாற்றிவிட்டேன். ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் இணைத்துவிடுகிறேன். வடம் புதிதாக வாங்கியாயிற்று.