சத்யம் வழக்கு: வங்கிக் கடிதம் யார் கையில் வந்தது?

பழைய_பேங்கர்:
நிறுவன மோசடியைத் தடுப்பது பற்றிய இழையில் நேற்று குமரேசன் சார் எழுதியது இது: “சத்யம் மாதிரி நிர்வாகமே கூடி ஏமாற்றினால் எந்த ஆடிட்டராலும் கண்டுபிடிக்க முடியாது.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் தனி இழை.

ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனி சத்யத்தின் சேர்மன் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். 2008 செப்டம்பர் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியது 5,361 கோடி. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. சாஃப்ட்வேருக்கு மதிப்புப் போட்டதில் தவறு என்றால் சரி, கஷ்டமான வேலை என்று விட்டுவிடலாம். இது வங்கியில் கிடப்பதாகச் சொன்ன பணம். வங்கியைக் கேட்டால் தெரிந்துவிடும். கணக்கில் இவ்வளவு இருக்கிறது என்று வங்கி எழுதித் தரும் இருப்பு உறுதிக் கடிதம் வங்கியிலிருந்து நேராக ஆடிட்டருக்கு வந்ததா, கம்பெனி கை வழியாக வந்ததா? அதை மட்டும் சொல்லுங்கள்.

சிஏ_குமரேசன்:
வங்கிக்காரர்களுக்கு உலகமே ஒரு கடிதத்தில் முடிந்துவிடும் போலிருக்கிறது. ஆயிரக்கணக்கில் போலி இன்வாய்ஸ், போலி டெபாசிட் ரசீது, போலி ஸ்டேட்மென்ட். சேர்மன், அவர் தம்பி, நிதித் தலைவர் எல்லோரும் உடந்தை. 1896-லேயே இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கில் நீதிபதி சொல்லிவிட்டார், ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்று. எல்லோரையும் திருடன் என்று நினைத்துக்கொண்டு தணிக்கை செய்ய முடியாது ஐயா.

பழைய_பேங்கர்:
காவல் நாய் என்றால் ஒரு முறையாவது குரைத்திருக்க வேண்டும். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன். 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி போட்ட உத்தரவில் இருக்கிறது. உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் பதில் வாங்குவதையும் ஆடிட்டரான பிரைஸ் வாட்டர்ஹவுஸ் இந்தியப் பிரிவு சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டது. திருடனிடமே சாவியைக் கொடுத்துவிட்டு, பூட்டு சரியாக இருந்தது என்கிறீர்கள். அந்த உத்தரவோடு அவர்கள் கட்டிய தொகை எஸ்இசிக்கு 60 லட்சம் டாலர், அந்நாட்டுத் தணிக்கைக் கண்காணிப்பு வாரியத்துக்கு 15 லட்சம் டாலர்.

இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கிளையில் இருந்தபோது மார்ச் முடிந்ததும் கம்பெனி அக்கவுன்டன்ட் ஒருவர் வந்து எதிரே உட்காருவார். கடிதம் டைப் ஆகியே இருக்கும், இருப்புத் தொகை உட்பட. “சீல் மட்டும் வைத்துக் கொடுங்கள் சார், ஆடிட்டரிடம் நாங்களே சேர்த்துவிடுகிறோம்” என்பார். நான் லெட்ஜரைப் பார்த்து, ஆடிட்டர் விலாசத்துக்குத் தபாலில்தான் போகும் என்பேன். மூஞ்சி மாறிவிடும். மேலிடத்திலிருந்து போன் வரும். அப்போதும் கையில் கொடுத்ததில்லை.

ஹைதராபாத்_செந்தில்:
கடிதத்தை விடுங்கள் அண்ணே. அங்கே 13,000 பேர் இல்லாத ஊழியர்கள்! 53,000 என்று சொன்னார்கள், இருந்தது 40,000. அந்தச் சம்பளம் எங்கே போனது? அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

மாதவி_ஹெச்ஆர்:
செந்தில், அது ராஜு கைதான புதிதில் அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டு. ராஜுவின் கடிதத்தில் 53,000 ஊழியர்கள் என்றுதான் இருக்கிறது. நீங்கள் அதைத் தீர்ப்பு மாதிரி எழுதுகிறீர்கள். என் தோழி அங்கே வேலை பார்த்தாள். கல்யாண வீட்டில் அவளைப் பார்த்து “நீ அந்த 13,000-ல் ஒருத்தியா” என்று கேட்டார்கள். வேலை போகுமோ என்ற பயத்தில் இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

ஹைதராபாத்_செந்தில்:
வழக்கறிஞர் சும்மா சொல்வாரா மேடம்? நெருப்பில்லாமல் புகையாது.

லீகல்_லதா:
இரண்டு பேரும் தேவையில்லாத இடத்தில் நிற்கிறீர்கள். ஓட்டை போர்டில், அதாவது இயக்குநர் குழுவில் இருந்தது. 2008 டிசம்பர் 16 கூட்டத்தில் ராஜு குடும்பத்தின் இரண்டு மேடாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் கொடுத்தார்கள். மேசையைச் சுற்றி ஹார்வர்டு பேராசிரியர், ஐஎஸ்பி என்ற வணிகக் கல்லூரியின் டீன், முன்னாள் கேபினட் செயலர் என்று பெரிய பெரிய ஆட்கள். நிறுத்தியது அவர்கள் இல்லை, முதலீட்டாளர்கள் போட்ட சத்தம். இரண்டு நாள் கழித்து மோசடி பற்றி ஒரு இயக்குநருக்கு மின்னஞ்சலே வந்தது. அதே வருடம் நல்ல நிர்வாகத்துக்கு கோல்டன் பீகாக் விருது வேறு வாங்கியிருந்தார்கள்.

இப்போது 2013 கம்பெனிகள் சட்டத்தில் பிரிவு 177 வந்திருக்கிறது. உள்ளிருந்து புகார் சொல்ல வழி இருக்க வேண்டும், சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. என்னிடம் வரும் கம்பெனிகளுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்: புகார் பெட்டியின் சாவி முதலாளியின் ஆளிடம் இருக்கக் கூடாது.

பழைய_பேங்கர்:
லதா மேடம், விருதும் போர்டும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் போர்டு எதை நம்பியது? ஆடிட்டர் கையெழுத்தை. ஆடிட்டர் எதை நம்பினார்? கம்பெனி கொண்டுவந்த கடிதத்தை. சுற்றி அங்கேதான் வருகிறது.

இன்னொன்று. ராஜு கடிதத்திலேயே 376 கோடி பொய் வட்டி இருக்கிறது. டெபாசிட் வட்டி என்றால் வங்கி டிடிஎஸ் என்று வரி பிடிக்கும், சான்றிதழ் தரும். அந்தச் சான்றிதழை ஒருவராவது கேட்டாரா? கடன் வாங்க வரும் சின்னக் கடைக்காரரிடம் நாங்கள் எத்தனை காகிதம் கேட்போம் தெரியுமா?

சிஏ_குமரேசன்:
நீங்கள் சொல்கிற அதே பிரைஸ் வாட்டர்ஹவுஸ் மீது நம் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2018-ல் போட்ட இரண்டு வருடத் தடையை, 2019-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. அதையும் எழுதுங்களேன். வசதியானதை மட்டும் எழுதுவது உங்கள் பழக்கம். போன வருடம் நகைக்கடன் இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

பழைய_பேங்கர்:
நகைக்கடன் இழையில் நான் சொன்னது இன்றைக்கும் சரி. தீர்ப்பாயத்தைப் பற்றி எழுதுகிறேன், முழுதாக. தடையை ரத்து செய்தது, ஆனால் 13 கோடி தணிக்கைக் கட்டணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னதை விட்டுவைத்தது. நீங்கள் விட்டதையும் சேர்க்கிறேன். 2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஏழு வருடம் தண்டனை கொடுத்தது. அதில் இரண்டு பேர் ஆடிட்டர்கள்.

சிஏ_குமரேசன்:
அந்தத் தண்டனை அடுத்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டு எல்லோருக்கும் ஜாமீன் கிடைத்தது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் செய்ததற்கு ஒரு தொழிலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வவுச்சர் பார்க்கிற சிஏ பயிற்சியில் இருக்கும் ஆர்ட்டிகிள் பையன்களை நினைத்துப் பாருங்கள்.

பழைய_பேங்கர்:
பையன்களை நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டவரைச் சொல்கிறேன். கடிதம் யார் கையில் வந்தது?

சிஏ_குமரேசன்:
வங்கி நேராகக் கடிதம் அனுப்பினால் எல்லாம் சுத்தமாகிவிடுமா? மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் என்ன நடந்தது? 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி 11,400 கோடி மோசடி என்று வாயைத் திறந்தது. உங்கள் ஆட்களே மற்ற வங்கிகளுக்குச் செய்தி போகும் ஸ்விஃப்டில் செய்தி அனுப்பிவிட்டு, வங்கியின் சொந்தக் கணக்கு அமைப்பான கோர் பேங்கிங்கில் பதியாமல் பல வருடம் ஓட்டினார்கள். அவர்கள் சீலை நம்பித்தான் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

லீகல்_லதா:
இதைத்தான் நானும் சொல்கிறேன். எந்த ஒற்றை ஆளையும் நம்பக் கூடாது.

பழைய_பேங்கர்:
பிராடி ஹவுஸ் என் வங்கி இல்லை. அது நடந்தபோது நான் ஓய்வு பெற்றாயிற்று. ஒரு கிளையில் இரண்டு பேர் திருடினால் எல்லா வங்கிக்காரனும் திருடனா?

மாதவி_ஹெச்ஆர்:
ஐயா, இதே வாதத்தைத்தானே குமரேசன் சார் ஆடிட்டர்களுக்குச் சொன்னார்?

பழைய_பேங்கர்:
இல்லை மேடம், இரண்டும் ஒன்றல்ல. அங்கே உள்ளே இருந்தவர்கள் திருடினார்கள். இங்கே கண்காணிக்கச் சம்பளம் வாங்கியவர் கண்காணிக்கவில்லை. எஸ்இசி உத்தரவை யாராவது முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

ஹைதராபாத்_செந்தில்:
அந்த 13,000 பேர் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சிஏ_குமரேசன்:
பிராடி ஹவுஸ் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். உண்மையான பேங்கர் என்றால் அங்கே வந்து பேசுங்கள்.