அட்டையில் அதே 100தான்: தைராய்டு மாத்திரையின் பிராண்ட் மாறியபோது எங்களுக்கு நேர்ந்தவை

பதினோரு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஒரு மாத்திரை, அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு வாயில் எதுவும் போடுவதில்லை. பல் துலக்குவதுபோலப் பழகிப்போன காரியம். அதனால்தான் போன வருடம் மருந்துக் கடைக்காரர், "நீங்க வாங்கறது ஸ்டாக் இல்லம்மா, இதுவும் அதே மருந்துதான்" என்று வேறு பிராண்டை எடுத்துக் கொடுத்தபோது மறுபேச்சில்லாமல் வாங்கி வந்தேன். அட்டையில் 100 என்று போட்டிருந்தது. எனக்கும் 100 மைக்ரோகிராம்தான். பிறகென்ன?

முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் தூக்கம் போனது. சரியாக மூன்று மணிக்கு விழிப்பு வரும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், தலையணைக்குள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் நெஞ்சுத் துடிப்பு காதில் கேட்கும். ஒருநாள் மகனின் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். ஊசிக் காதில் நூல் நுழையவே இல்லை. நூலை எச்சில் தொட்டு முறுக்கி முறுக்கிப் பார்த்தேன், அப்புறம்தான் என் விரல் நடுங்குவதைக் கவனித்தேன். நாலு மாதம் முன்னால் இறுக்கமாக இருந்த மோதிரம் தானாகக் கழன்றது. பிள்ளைகள் சாதாரணமாக ஏதாவது கேட்டால்கூட எரிந்து விழுந்தேன், பிறகு குளியலறையில் போய் அழுதேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. மாதவிடாய் நிற்கிற காலம், அதனால்தான் இதெல்லாம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஐந்து வாரம் அப்படியே ஓடிவிட்டது. என் அக்காதான் போனில் கேட்டாள், "மாத்திரை ஏதாவது மாத்தினியாடி?" அலமாரியைத் திறந்து பழைய காலி அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ரத்தம் கொடுத்தேன். தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்தான் டி.எஸ்.எச். எனக்கு எப்போதும் 2 பக்கத்தில் இருக்கும் அது 0.12 ஆகியிருந்தது. பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் உடம்பில் தைராய்டு ஹார்மோன் அதிகமாகிவிட்டது என்று பொருள், ஏறினால் போதவில்லை என்று பொருள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். நூறு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரிகிற மாத்திரை கிட்டத்தட்ட முழுக்க நிரப்புப் பொருளும் பிணைக்கும் பொருளும் நிறமும்தான். அது கரைகிற விதம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், உள்ளே போன மருந்தில் எவ்வளவு ரத்தத்தில் சேர்கிறது என்பதும் மாறலாம். "நிறைய பேருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உங்களுக்குத் தெரியுது, அவ்வளவுதான்" என்றார். இல்லாததைக் கற்பனை பண்ணுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பழைய பிராண்டுக்குத் திரும்பலாம், இல்லையென்றால் இதிலேயே அளவைக் குறைக்கலாம் என்று இரண்டு வழி சொன்னார். பழையது கிடைப்பது நிச்சயமில்லாததால் புதியதில் 88 மைக்ரோகிராமுக்கு இறங்கினேன். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். 1.9. அதற்கு முன்பே தூக்கம் திரும்பிவிட்டது.

உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் எழுதுங்கள். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஐந்து வாரம் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

*

எனக்கு நேர் எதிராக நடந்தது அக்கா. பிராண்ட் மாறி ஒரு மாதத்தில் உடம்பு ஈயமாகக் கனத்தது. மதியம் மூன்று மணிக்கு மேல் நாற்காலியிலேயே கண் சொக்கும். மலச்சிக்கல், வீட்டில் எல்லாரும் மின்விசிறி போட்டிருக்கும்போது எனக்கு மட்டும் போர்வை. டி.எஸ்.எச். 9க்கு மேல். புது மாத்திரையில் சரக்கில்லை என்று கடையில் போய்ச் சண்டையே போட்டேன்.

டாக்டர் வேறு என்னென்ன சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும், முழங்கால் வலிக்குக் கால்சியமும் அதே வாரம்தான் தொடங்கியிருந்தேன். மறக்காமல் இருக்கட்டும் என்று தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தேன். அவை இரண்டும் குடலில் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொள்ளுமாம், நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். இரவுக்கு மாற்றினேன். அதே பிராண்ட், அதே அளவு, இரண்டு மாதத்தில் 3.2. பிராண்டைக் குறை சொல்லுமுன் அந்த மாதம் வேறென்ன மாறியது என்றும் பார்த்துவிடுங்கள். காபிகூடக் கெடுக்கும். மாத்திரை போட்ட கையோடு குடிக்கக் கூடாது.

*

என்னுடையது படபடப்போ சோர்வோ இல்லை, அரிப்பு. 75 மைக்ரோகிராம், நிறமூட்டிய மாத்திரை. புது அட்டை தொடங்கிய நாலாம் நாளே முன்கையிலும் கழுத்திலும் திட்டுத் திட்டாகத் தடித்தது. சோப்பை மாற்றினேன், படுக்கை விரிப்பை மாற்றினேன். இரண்டு மாதம் அலைந்த பிறகு தோல் மருத்துவர்தான் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். எந்த அளவு என்று எளிதில் தெரிவதற்காகச் சில கம்பெனிகள் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம் கொடுக்கின்றன. அந்த வரிசையில் பல இடங்களில் 50 மட்டும் வெள்ளை, அதில் சாயம் இல்லை. அவர் என் தைராய்டு டாக்டரிடம் பேசி, வெள்ளை 50இல் ஒன்றரை மாத்திரையாக எழுதிக் கொடுக்க வைத்தார். ஒன்றரை என்றால் அதே 75தான். பத்து நாளில் தோல் தெளிந்தது.

மாத்திரையை வெட்ட மருந்துக் கடையிலேயே சின்ன வெட்டும் கருவி கிடைக்கும். கத்தியால் வெட்டினால் ஒருநாள் பெரிய பாதி, மறுநாள் சின்னப் பாதி என்று ஆகிவிடும். உள்ளே இருக்கும் தாளில் துணைப் பொருட்கள் என்ற பகுதியைப் படியுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லாக்டோஸ் இருக்கிறதா என்று அங்கேதான் பார்க்க வேண்டும். ஒரு மாத்திரையில் இருப்பது கொஞ்சம்தான், இருந்தாலும் ஒரு சிலருக்கு அதுவே வயிற்றைப் புரட்டுகிறது.

*

என் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். வயது எழுபத்திரண்டு. தினம் 50 மைக்ரோகிராம். மாதாமாதம் நான் வாங்கித் தருவேன். நான் வெளியூர் போயிருந்தபோது என் தங்கை வாங்கி வந்தாள், கடையில் வேறு பிராண்ட் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வேறு, பெட்டி வேறு, நிறம் வேறு. அம்மா அதைப் புதிதாக எழுதிக் கொடுத்த மருந்து என்று நினைத்துவிட்டார். பழைய அட்டை பாதி மீதி இருந்தது, நானும் திரும்பி வந்ததும் வழக்கம்போல் பழையதை வாங்கிக் கொடுத்தேன். காலையில் இதில் ஒன்று, அதில் ஒன்று. இரண்டு மாதம்.

"நெஞ்சு என்னவோ மீன் துள்ளற மாதிரி இருக்குடா" என்று ஒருநாள் சொன்னார். இ.சி.ஜி. எடுத்தார்கள். துடிப்பு தாளம் தப்பியிருந்தது. வயதானவர்களுக்குத் தைராய்டு ஹார்மோன் கூடினால் இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடிக்கத் தொடங்கலாம், எலும்பும் தேயலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொன்னார் அந்த டாக்டர். இரண்டு அட்டையிலும் பெரிய எழுத்தில் வெவ்வேறு பெயர். அதன் கீழே, அம்மாவின் கண்ணாடிக்கு எட்டாத சின்ன எழுத்தில், இரண்டிலும் ஒரே மருந்துப் பெயர்: லெவோதைராக்சின்.

அம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் டாக்டர் சொன்னதாக நம்பியதைத் தவறாமல் செய்திருக்கிறார். கவனித்திருக்க வேண்டியவன் நான்தான். இப்போது ஒரு பெட்டி தீர்ந்த பிறகே அடுத்தது வீட்டுக்குள் வரும். மேலே தடித்த பேனாவால் "தைராய்டு, காலை ஒன்று மட்டும்" என்று எழுதி வைக்கிறேன். இதய மருந்து இன்னும் ஓடுகிறது.

*

முப்பது வருடம் மருந்தாளுநராக இருந்தேன். இந்த விஷயத்தில் எனக்கும் சொல்ல இருக்கிறது.

முதலில் ஏன் மூன்றாவது வாரம் என்பது. லெவோதைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். ஆகவே அளவு கூடினாலும் குறைந்தாலும் உடம்பு புது நிலைக்கு வர ஐந்தாறு வாரம் பிடிக்கும். பிராண்ட் மாறிய பத்தாம் நாள் ரத்தம் கொடுத்து "நார்மல்" என்று வந்தால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பாருங்கள். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் சோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும். சில ஆய்வகக் கருவிகளில் அது முடிவையே புரட்டிப்போடும்.

மிக நுண்ணிய அளவில் வேலை செய்யும் மருந்து இது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் இதற்கென்றே விதியை இறுக்கியது. காலாவதி நாள் வரை, குறித்த அளவில் 95 முதல் 105 விழுக்காட்டுக்குள் மருந்து இருந்தாக வேண்டும். முன்பு 90 வரை இறங்க இடமிருந்தது. வெயிலும் ஈரமும் பட்டால் வீரியம் குறையும், அதனால் அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி சமையலறை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

நாடு முழுக்கவே இது வெடித்த சம்பவங்கள் உண்டு. நியூசிலாந்தில் 2007இல் எல்ட்ராக்சின் என்ற பிராண்ட் லெவோதைராக்சின் மாத்திரையின் துணைப் பொருட்கள் மாறின, மஞ்சள் மாத்திரை வெள்ளையானது. முப்பது ஆண்டுகளில் 14 பக்கவிளைவுப் புகார்களே வந்திருந்த மருந்துக்கு, அடுத்த 18 மாதங்களில் ஏறக்குறைய 1,400 புகார்கள். சோதித்தபோது மூல மருந்து சரியாகவே இருந்தது. செய்திகளில் அடிபட்ட அறிகுறிகள் அதற்குப் பிறகு கூடுதலாகப் பதிவானதை ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். பயமும் ஒரு பங்கு ஆற்றுகிறது, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் பயந்தவருக்கும் வலி வலிதான்.

பிரான்சில் 2017 மார்ச்சில் லெவோதைராக்ஸ் என்ற பிராண்ட் மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். மருந்தின் வீரியம் நாள்பட நிலையாக இருக்க வேண்டும் என்று கண்காணிப்பு அமைப்பே கேட்டுச் செய்த மாற்றம். சுமார் முப்பது லட்சம் பேர் சாப்பிட்ட மருந்து. சோர்வு, முடி கொட்டுதல், தசைப்பிடிப்பு, தலைசுற்றல் என்று ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிய, அக்டோபரில் பழைய கலவையைத் திரும்பவும் வரவழைத்தார்கள். 2020இல் லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலா 1,000 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. மாத்திரை கெட்டது என்பதற்காக அல்ல, கலவை மாறியதைப் போதுமான அளவு தெரிவிக்கவில்லை என்பதற்காக. நானும் கவுண்டருக்குப் பின்னால் நின்று எத்தனையோ பேரிடம் "அதே மருந்துதான்" என்று சொல்லியிருக்கிறேன். "பிராண்ட் மாறியிருக்கு, ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க" என்று கூடச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அது இப்போதும் எனக்கு உறுத்துகிறது.

பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பும் 2021இல் இதையொட்டியே அறிவுரை தந்தது: பிராண்ட் மாறிய பின் தொந்தரவு என்று ஒருவர் சொன்னால் தைராய்டு அளவைப் பாருங்கள், தொடர்ந்து அப்படியே இருந்தால் அவருக்கு ஒத்துக்கொள்ளும் ஒன்றையே எழுதிக் கொடுங்கள். உங்கள் டாக்டரிடம் தயங்காமல் பிராண்ட் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

*

எனக்குத் தைராய்டு சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். புது பிராண்டில் தலைவலி வந்ததும் பயந்துபோய் நானாகவே மூன்று வாரம் நிறுத்திவிட்டேன். முதலில் நன்றாக இருப்பதுபோலத்தான் இருந்தது. பிறகு முகம் உப்பி, குரல் கரகரத்து, படி ஏற முடியாமல் போனது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். பிடிக்காத பிராண்டாக இருந்தாலும், டாக்டர் வேறு சொல்லும்வரை அதையே சாப்பிடுங்கள்.

*

எல்லாருக்கும் நன்றி. மருந்தாளுநர் ஐயா எழுதியதை அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தேதி, பிராண்ட், எத்தனை மைக்ரோகிராம், அட்டையின் பேட்ச் எண், கடைசி டி.எஸ்.எச்., இவ்வளவுதான் அதில். தூக்கம் கெட்டாலோ கை நடுங்கினாலோ அன்றைய தேதிக்கு நேரே ஒரு புள்ளி வைக்கிறேன். போன மாதம் கடையில் மறுபடியும் வேறு பெட்டியை நீட்டினார்கள். வாங்கினேன், ஆனால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். ஆறாவது வாரம் வருகிற வியாழக்கிழமை முடிகிறது, அன்று காலை மாத்திரை போடுவதற்கு முன்பு ரத்தம் கொடுக்கப் போகிறேன். இதுவரை புள்ளி எதுவும் இல்லை.

தம்பி, உங்கள் அம்மாவுக்குத் துடிப்பு சீரானதும் ஒரு வரி எழுதுங்கள்.