எட்டுத் திசைக்கு ரவுண்ட் போட்டால் போதுமா?

துருவன்: "கோணத்தை 45-ஆல் வகு, ரவுண்ட் போடு, 8-ஆல் மீதி எடு, திசை வந்துவிடும்." காற்றின் கோணத்தை எட்டுத் திசையில் ஒன்றாக்க இந்த மன்றத்தில் ஒருவர் போட்ட குறிப்பு இது (0 வடக்கு, 1 வடகிழக்கு, 2 கிழக்கு என்று வரிசை). இதற்கு ஆளாளுக்கு ஆஹா ஓஹோ! பைதான் 3 நிரல்மொழியில் இது தப்பு. பாதியில் நிற்கும் எண்ணை அதன் ரவுண்ட் இரட்டைப்படை பக்கம் தள்ளும்: 0.5 போனால் 0, 1.5 போனால் 2, 2.5 போனாலும் 2. 22.5 டிகிரியை 45-ஆல் வகுத்தால் அந்த 0.5-தான் வரும்.

நிரல்மணி: குறிப்பு என்னுடையதுதான். விமான நிலைய வானிலை அறிக்கையான மெட்டாரில் காற்றுத் திசை பத்துப் பத்து டிகிரியாகத்தான் வரும். அதில் 22.5 எங்கே வந்தது?

துருவன்: ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் இணையும் சுவிட்ச்) வைத்த விண்ட் வேனில், அதாவது காற்றுத்திசை காட்டியில், வரும். 16 நிலை, எல்லாமே 22.5-இன் மடங்கு. உங்கள் ரவுண்டில் 22.5 வடக்கு, 67.5 கிழக்கு, 112.5-உம் கிழக்கு, 157.5 தெற்கு. நேர்த்திசை நான்குக்கும் மும்மூன்று நிலை, மூலைத்திசைக்கு ஒன்றே ஒன்று. எந்தத் திசையில் எவ்வளவு காற்று என்று காட்டும் விண்ட் ரோஸ் படம் வரைந்தால் சிலுவைதான் வரும்.

கடலோடி: 0.5 கூட்டி ஃப்ளோர் போடுங்கப்பா, அதாவது கீழே உள்ள முழு எண்ணை எடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ரவுண்டும் அதைத்தானே செய்கிறது.

துருவன்: திசைக்கு இரண்டு நிலை கிடைக்கும், சரி. ஆனால் 22.5 வடகிழக்காகும், 67.5 கிழக்காகும், எல்லைக் கோணம் எட்டும் வலஞ்சுழியாகவே நகரும். எல்லா நிலையும் சமமாக வந்தால் சராசரி 11.25 டிகிரி பிசகு. 16 நிலையை 16 திசையாகவே வையுங்கள்: 22.5-ஆல் வகுத்தால் முழு எண்தான் வரும், ரவுண்டுக்கு வேலையே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்றீர்களே, அங்கே மைனஸ் 90 கொடுத்துப் பாருங்கள். மீதியும் மைனஸ் 2 என்று வரும், பட்டியலில் அப்படி ஓர் இடமே கிடையாது. முதலில் 360 கூட்ட வேண்டும்.

கடலோடி: பைதானில் அந்தத் தொல்லை இல்லை. மைனஸ் 2-ஐ 8-ஆல் மீதி எடுத்தால் 6, மேற்கு.

நிரல்மணி: பேச்சை மாற்றாதீர்கள். நேரமண்டல விவாத இழையிலும் இவர் இப்படித்தான், யாருக்கும் வராத ஒரு எல்லையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மெட்டாரில் 22.5 வராது.

துருவன்: அந்த இழையில் பாதியில் எழுந்து போனது யார்? மெட்டாரையே எடுங்கள். காற்றுக் குறியீட்டில் ஐந்து பூஜ்யம் (திசைக்கு மூன்று, வேகத்துக்கு இரண்டு) என்றால் காற்றே இல்லை, வடக்குக்கு 360 என்று போடுவார்கள். உங்கள் குறிப்பு இரண்டையும் வடக்கு என்கிறது. வேகத்தைப் பார்க்காமல் திசை எடுத்தால் காற்றில்லாத நேரமெல்லாம் வடகாற்றுக் கணக்கில் சேரும்.

நிரல்மணி: அது வேகத்தின் சிக்கல், ரவுண்டின் சிக்கல் அல்ல. மெட்டாரில் 22.5 வருமா, வராதா?

துருவன்: விண்ட் வேனில் வரும். உங்கள் குறிப்பில் மெட்டார் என்ற சொல்லே இல்லை.

நிரல்மணி: விண்ட் வேன் என்ற சொல்லும் இல்லை.