பித்தப்பை லேப்ராஸ்கோப்பியில் ஒட்டுத் தடுப்பு: எங்கே வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது?

அறுவை_முதுநிலை:
நடுவயிற்றைத் திறந்து ஏற்கெனவே ஒரு அறுவை ஆன நோயாளி. இப்போது பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்யவிருக்கிறோம். பழைய தழும்பின் அடியில் குடலும் ஓமெண்டமும் (குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை) ஒட்டியிருப்பதைப் பிரிக்க வேண்டி வரும். மறுபடி ஒட்டாமலிருக்க செப்ராஃபிலிம் தாள் வைப்பதா, 4% ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் (அடெப்ட்) விடுவதா? இரத்தம் நிறுத்தும் சர்ஜிசெல்லை எப்படியும் ஈரல் படுக்கையில் (பித்தப்பையைப் பிரித்தெடுத்த ஈரல் பரப்பு) வைக்கிறோமே, அதுவே தடுப்பாகவும் ஆகுமா? நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் போடுகிறார். பித்தம் சிந்தினால் முடிவு மாறுமா?

துளைவழி_சர்ஜன்:
கடைசிக் கேள்விதான் முக்கியம், அதிலிருந்தே தொடங்குகிறேன். பித்தம் சிந்தியிருந்தாலோ, சிஸ்டிக் நாளத்தை (பித்தப்பையிலிருந்து பித்தம் வெளியேறும் குழாய்) மூடிய கிளிப் மீது சந்தேகம் இருந்தாலோ, சீழ் கண்டாலோ தடுப்புப் பொருள் எதையும் வைக்காதீர்கள். தொற்று உள்ள இடத்தில் இவை கூடாது.

செப்ராஃபிலிம் என்பது ஹயலுரோனேட்டும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் சேர்ந்த தாள். ஓரிரு நாளில் கூழாகி, ஏறக்குறைய ஒரு வாரம் அந்த இடத்தில் நிற்கும். பெரிட்டோனியம் (வயிற்றின் உட்சவ்வு) ஆறுவதற்கு ஆகும் காலமும் அதுவே. ஆனால் குடலைத் தைத்த இணைப்பைச் சுற்றி இந்தத் தாளைப் போர்த்தியவர்களுக்குக் கசிவு கூடியது என்று 2003இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. தாள் இடையில் நின்றால் ஓமெண்டம் வந்து தையலை மூடிக் காக்க முடியாது. சிஸ்டிக் நாள முனைக்கும் இதே காரணம் பொருந்தும் என்பது என் கருத்து. ஆகவே காலோ முக்கோணத்தில் (அந்த நாளம் இருக்கும் பகுதி) தாள் வேண்டாம். வைப்பதாக இருந்தால் பிரித்தெடுத்த தழும்பின் அடியில் மட்டும்.

வைப்பதும் எளிதல்ல. இது திறந்த அறுவைக்காக அங்கீகரிக்கப்பட்ட பொருள். 12.7 × 15.2 செ.மீ. தாள் காய்ந்திருந்தால் நொறுங்கும், ஈரமான கருவி பட்டால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நான்கைந்து துண்டுகளாக வெட்டி, சுருட்டி, 10 அல்லது 12 மி.மீ. போர்ட் (கருவி நுழையும் குழாய்) வழியாக உலர்ந்த கருவியால் விரைந்து உள்ளே செலுத்த வேண்டும். அப்படியும் பாதி வீணாகலாம்.

பலனையும் பாருங்கள். குடலை வெட்டி இணைத்தவர்களிடம் நடந்த 2006 ஆய்வில், ஒட்டினால் வந்து மறு அறுவை தேவைப்பட்ட குடலடைப்பு 3.4 சதவீதத்திலிருந்து 1.8 ஆகக் குறைந்தது. மொத்தக் குடலடைப்பு குறையவில்லை. பித்தப்பை லேப்ராஸ்கோப்பியில் புண்பரப்பு அதைவிட மிகச் சிறியது. ஆக, வழக்கமாக வைக்கத் தேவையில்லை.

சர்ஜிசெல் இரத்தம் நிறுத்த மட்டுமே. அதன் உறவான இன்டர்சீட்தான் ஒட்டுத் தடுப்பு. அதுவும் ஒரு சொட்டு இரத்தம் கசிந்தாலும் கறுத்துப் பயனிழக்கும். தானே ஒட்டுக்குக் காரணமாகவும் ஆகலாம். ஈரல் படுக்கை அதற்கு ஏற்ற இடமே அல்ல. அங்கே சர்ஜிசெல் வைத்திருந்தால் அறுவைக் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள். பிறகு எடுக்கும் சிடி ஸ்கேனில் காற்றுக் குமிழிகளோடு தெரிந்து, சீழ்க்கட்டி என்று எண்ண வைக்கும்.

சர்க்கரை_மருத்துவர்:
இன்சுலின் போடுபவருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் விடுவதில் ஆபத்து மறைந்திருக்கிறது. அது உடலில் மால்டோஸாக உடையும். ஜிடிஎச்-பிக்யூக்யூ என்ற நொதி வகைச் சோதனைப் பட்டை வைத்த குளுக்கோமீட்டர் மால்டோஸையும் குளுக்கோஸாகவே எண்ணிக்கொள்ளும். சர்க்கரை உண்மையில் 50 மி.கி./டெ.லி.க்குக் கீழே போயிருந்தாலும் மீட்டர் இயல்பாகவோ அதிகமாகவோ காட்டும். அதை நம்பி இன்சுலின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. குறைந்தது 4 நாட்களுக்கு ஆய்வகத்தில் சிரை இரத்தத்தில்தான் சர்க்கரை பார்க்க வேண்டும். வார்டு செவிலியருக்கு எழுத்தில் சொல்லுங்கள், நோயாளி வீட்டில் வைத்திருக்கும் மீட்டரின் பட்டை வகையையும் பாருங்கள்.

பித்தப்பை அறுவையில் இன்னொன்றும் சேர்கிறது. ஐகோடெக்ஸ்ட்ரின் இரத்தத்தில் அமைலேஸ் (கணைய நொதி) அளவைக் குறைத்துக் காட்டும். கல் நழுவிக் கணைய அழற்சி வந்தால் அமைலேஸை நம்பி ஏமாந்துவிடுவோம். லைபேஸ் (இன்னொரு கணைய நொதி) சோதனை கேளுங்கள்.

அறுவை_முதுநிலை:
இருவருக்கும் நன்றி. திரவத்தை விட்டுவிடுகிறோம். அப்படியானால் ஒட்டைக் குறைக்க அறுவையின் போதே என்ன செய்யலாம், சார்?

துளைவழி_சர்ஜன்:
திரவத்தைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. ஒரு லிட்டரை உள்ளே விட்டுவந்தால், மூன்றாம் நாள் வலி என்று ஸ்கேன் எடுக்கும்போது தெரியும் நீர் பித்தக் கசிவா, நாம் விட்டதா என்று சொல்ல முடியாது. டிரெயின் (வடிகுழாய்) வைத்தாலோ விட்ட திரவமே வெளியேறிவிடும்.

முதல் போர்ட்டை தழும்புக்கு விலகி வையுங்கள்: இடப்பக்க விலா விளிம்புக்கு 3 செ.மீ. கீழே, காறை எலும்பின் நடுக்கோட்டில். பித்தப்பையைப் பார்க்கவும் போர்ட் போடவும் எந்த ஒட்டு தடையோ அதை மட்டும் பிரியுங்கள். மீதியைத் தொட்டால் ஒவ்வொன்றும் புதுப் புண்பரப்பு, அங்கேதான் ஃபைப்ரின் (இரத்தத்தை உறைய வைக்கும் புரத இழை) படிந்து மறுபடி ஒட்டும். குடலருகே கத்தரியால் குளிர்வெட்டு, மின்சூடு வேண்டாம்.

ஈரல் படுக்கையைக் கரியாகச் சுடாதீர்கள். சிறு கசிவென்றால் காஸ் வைத்து சில நிமிடம் அழுத்தினாலே பெரும்பாலும் நிற்கும். உப்பி நிற்கும் பித்தப்பையை முதலிலேயே ஊசியால் உறிஞ்சிவிட்டால் கிழிந்து சிந்துவது குறையும். சிந்திவிட்டால் வெதுவெதுப்பான சலைனால் தெளிவாகும்வரை கழுவி, ஈரலின் அடியிலும் மேலும் முழுதாக உறிஞ்சுங்கள். தலை உயர்த்திய நிலையில் கற்கள் கீழே இடுப்புக்குழிக்கு உருண்டிருக்கும், அங்கேயும் பாருங்கள். விடுபட்ட ஒரு கல் மாதங்கள் கழித்தும் சீழ்க்கட்டியாகலாம். பித்தப்பையைப் பையில் இட்டே வெளியே எடுங்கள்.

வயிற்றை உப்ப வைக்கும் வாயுவின் அழுத்தம் 12 மி.மீ. பாதரசம் போதுமானால் 15க்கு ஏற்ற வேண்டாம். நீண்ட அறுவையில் குளிர்ந்த வறண்ட வாயு பெரிட்டோனியத்தை உலர்த்திப் புண்ணாக்கும். கையுறை பவுடர் இல்லாததாக இருக்கட்டும், ஸ்டார்ச் துகளும் ஒட்டைத் தூண்டும். அமெரிக்காவில் 2017இலிருந்து பவுடர் கையுறைக்கே தடை.

சர்க்கரை_மருத்துவர்:
புதுப் பெயரில் எந்த ஜெல் வந்தாலும் இன்டர்ஜெல் என்ற ஒட்டுத் தடுப்பு ஜெல்லை நினைவில் வையுங்கள். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அறுவைக்குப் பின் தாமதமாக வந்த வலியும், அந்நியப் பொருள் அழற்சியும், மறு அறுவைகளும் பதிவானதால் 2003இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அனுமதி எந்த அறுவைக்கு, எந்த உறுப்புக்கு என்று பெட்டியிலுள்ள தாளைப் படித்துவிட்டே மேசைக்குக் கொண்டுபோங்கள். பெண்ணோயியல் அறுவைக்குக் கிடைத்த அனுமதி பித்தப்பைக்குச் செல்லாது.