பேனிங்: 'உடன்வீச்சு' என்று வைக்கலாமா?

வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சைக்கிள் பந்தயங்களைப் படம்பிடிப்பது பற்றிக் கையேடு எழுதும் தம்பி, ஓடும் ஆளோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே படமெடுக்கும் 'பேனிங்' உத்திக்குக் கேட்டது ஒரே ஒரு தமிழ்ச்சொல். அதற்குள் பதினோரு மடல், ஏழு சொல், ஒரு மனத்தாங்கல். நம் குழுமத்துக்கு இது குறைவுதான்.

> பேனிங் என்றே எழுதிவிட்டால் என்ன? ஷட்டர், லென்ஸ் எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன.

ஷட்டரையும் லென்ஸையும் நானும் அப்படியேதான் எழுதுகிறேன். ஆனால் 'பேன்' தமிழில் ஏற்கெனவே குடியிருக்கிறது, அதுவும் தலையில். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் ஒரு நாள், "காலையிலிருந்து பேன்தான் பண்ணிக்கொண்டிருந்தேன்" என்று சொன்னேன். சீப்பை எடுத்து வந்துவிட்டார். அது போகட்டும். ஒரு பொருளின் பெயரை இரவல் வாங்கினால் அதிகம் உறுத்தாது. இதுவோ செய்யும் வேலையின் பெயர். செய்தேன், செய்கிறாள், செய்யாதே என்று வளைய வேண்டும். 'பேன் பண்ணு' என்பதில் வளைகிறதெல்லாம் 'பண்ணு'தான்.

> 'பின்தொடர் ஒளிப்படம்'. பார்த்ததும் பொருள் விளங்குகிறது.

விளங்குகிறது, ஆனால் தவறாக விளங்குகிறது. இதைச் சொல்லக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது நியூஜெர்சியில் எடிசன் பக்கம். மேற்கே சிறிது நேரம் கார் ஓட்டினால் சாமர்வில் வரும். மே மாதக் கடைசித் திங்கள், போரில் இறந்த படைவீரர்களின் நினைவுநாள். அன்று மெயின் தெருவை அடைத்துவிட்டுச் சைக்கிள் பந்தயம் விடுவது அந்த ஊரின் வழக்கம். 1940இல் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டும் வென்றவர் ஃபர்மன் குக்லர், பந்தயத்தைத் தொடங்கியவரின் மகன். 1942இல் வென்றவர் கார்ல் ஆண்டர்சன். இருவருமே இரண்டாம் உலகப்போரில் உயிரிழந்தார்கள். போரால் நின்றுபோன பந்தயம் 1947இல் மறுபடி தொடங்கியது. இன்று அதன் முழுப்பெயரில் இருவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. அதிலும் ஒரு பெயர்சூட்டுக் கதை உண்டு. நெடுஞ்சாலையில் பரிசுக்காகப் பந்தயம் விட அப்போது சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் 'பந்தயம்' என்று சொல்லாமல் 'டூர் ஆஃப் சாமர்வில்' என்று வைத்தார்கள். நாம் பொருள் தெரியப் பெயர் தேடுகிறோம். அவர்கள் பொருள் மறையத் தேடியிருக்கிறார்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அது ஊருக்குள்ளேயே சின்ன வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும் கிரிட்டீரியம் வகைப் பந்தயம். பெரிய பந்தயம் 50 மைல். டூர் டி பிரான்ஸில் சாலையோரம் பாதி நாள் காத்திருந்தால் கூட்டம் ஒரே ஒரு முறை சர்ரென்று போய்விடும். இங்கே இந்தச் சுற்றில் கோட்டைவிட்டாலும் சில நிமிடத்தில் அதே முகங்கள் திரும்ப வரும். பேனிங் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

மணிக்கு 45 கிலோமீட்டரில் ஒருவர் போகிறார் என்று வையுங்கள். நொடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். ஷட்டர் 1/1000 நொடி என்றால் அது திறந்து மூடுவதற்குள் அவர் நகர்வது ஒன்றேகால் சென்டிமீட்டர். எல்லாம் உறைந்துவிடும். முகம் துல்லியமாக இருக்கும், சக்கரக் கம்பிகளை எண்ணிவிடலாம், ஆனால் ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறி உட்கார்ந்து போஸ் கொடுத்த மாதிரி இருக்கும். 1/30 என்றால் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார். கேமரா அசையாமல் இருந்தால் தெரு தெளிவாக விழும், ஆள் வெறும் கறை. அவர் வேகத்துக்குக் கேமராவும் திரும்பினால் நிலைமை தலைகீழ். ஆள் நிற்பார், தெரு தீற்றலாக ஓடும்.

உயிர்நாடி அந்த 'அவர் வேகத்துக்கு' என்பதில் இருக்கிறது. பின்தொடர்கிறவர் எப்போதும் ஓர் அடி பின்னால்தான் இருப்பார். பேனிங்கில் பின்னால் இருந்தால் படம் போச்சு. ஐந்து மீட்டர் தள்ளி நின்றால், சைக்கிள் நமக்கு நேரே வரும் கணத்தில் கேமரா நொடிக்குச் சுமார் 140 பாகை வேகத்தில் திரும்ப வேண்டும். அந்த வேகத்தை அங்கே போய்ப் பிடிக்க முடியாது, முன்பே பிடித்திருக்க வேண்டும். அதனால்தான் கிளிக் செய்யப்போகும் திசைக்குக் காலை ஊன்றிக்கொண்டு, இடுப்பை வரும் பக்கம் முறுக்கி, ஆள் தூரத்தில் வரும்போதே கூடச் சேர்ந்துகொள்கிறோம். கிளிக்குக்குப் பிறகும் உடனே நிறுத்துவதில்லை.

பாதி சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரெஞ்சு ஒளிப்படக்காரர் லார்த்தீக் எடுத்த புகழ்பெற்ற பந்தயக் கார் படமே சாட்சி. 1912 என்று நெடுநாள் சொல்லப்பட்டு, பிறகு 1913 என்று திருத்தப்பட்டது. கார் வேகத்துக்குக் கேமரா ஈடுகொடுக்கவில்லை. ஷட்டரின் குறுகிய பிளவு ஒளிப்படத் தட்டின் மீது குத்துவாக்கில் ஊர்ந்து, படத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பதித்தது. சக்கரம் முன்னே சாய்ந்த முட்டையாகிவிட்டது, பார்க்க நின்றவர்கள் பின்னால் சாய்ந்துவிட்டார்கள். பிழை அழகாகிப்போன அபூர்வம் அது. நாம் செய்தால் பிழை மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே சொல்லில் 'பின்' இருக்கக்கூடாது, 'உடன்' இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

> அப்படியானால் 'உடன்திருப்பு' போதுமே?

முதலில் நானும் அதைத்தான் எழுதி வைத்தேன். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததும், கைமாற்று கொடுத்தவர் வாசலில் நின்று கேட்கிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு 'உடன்வீச்சு'. வினையாக 'உடன்வீசு'. கைவீசி நடக்கிறோம், வாளை வீசுகிறார்கள், மதுரைப் பக்கம் வீச்சு பரோட்டா போடுகிறார்கள். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே அசைவுதான்: தோளிலோ இடுப்பிலோ தொடங்கி, வெட்டாமல் வளைவாகப் போய், வேலை முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் ஓடி அடங்கும். பேனிங் செய்கிறவரின் உடம்பும் அதைத்தான் செய்கிறது.

> வீச்சு என்பது இயற்பியல் பாடநூலில் அலையின் உயரத்துக்கு ஆகிவிட்டது. குழப்பம் வரும்.

வாத்தியார் ஐயா சொல்வது நியாயம். ஆனால் அதே மாணவன் வகுப்பு முடிந்து மைதானத்துக்குப் போய்ப் பந்துவீச்சு என்கிறானே, குழம்பவில்லையே. 'உடன்' என்ற முன்னொட்டு காவலுக்கு நிற்கிறது. வெறும் 'வீச்சு' என்று வைத்திருந்தால் நானே உங்கள் பக்கம் வந்திருப்பேன். 'கேமராவை வீசினேன்' என்றால் உடைந்ததா என்றுதான் கேட்பார்கள்.

கையேட்டில் வரக்கூடிய வாக்கியங்களில் ஓட்டிப் பார்த்தேன்:

"நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 22 என்று ஒளியை மிகக் குறைத்து வைத்தாலும் 1/30இல் உடன்வீசினால் படம் வெளுக்கும். ஒளியைக் குறைக்கும் ஃபில்டர் மாட்டுங்கள், இல்லையென்றால் மரநிழல் விழும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்."

"சில லென்ஸ்களில் ஆட்டம் தடுக்கும் வசதிக்கு உடன்வீச்சுக்கென்றே தனி நிலை உண்டு. அது மேலும் கீழுமான ஆட்டத்தை மட்டும் திருத்தும், பக்கவாட்டில் உங்கள் போக்குக்கு விட்டுவிடும்."

"சரியான உடன்வீச்சில் முகமும் சைக்கிளின் சட்டமும் தெளிவாக இருக்கும், மிதிக்கும் கால் கலங்கித்தான் தெரியும். அதை அழிக்கப் பார்க்காதீர்கள்."

மூன்றும் தடுக்காமல் ஓடுகின்றன. கடைசி வாக்கியத்தோடு சக்கரத்தையும் சேர்க்கச் சொல்வேன். கேமரா அசையாமல் எடுத்தால், தரையைத் தொடும் இடத்தில் சக்கரம் கணநேரம் நிற்கிறது, உச்சியில் சைக்கிளைப்போல் இரு மடங்கு வேகத்தில் போகிறது. அதனால் கீழ்க்கம்பிகள் தெரியும், மேல்கம்பிகள் மறையும். உடன்வீசி எடுத்தால் சுற்றிலும் ஒரே சீராகக் கலங்கும். படத்தைப் பார்த்தே எப்படி எடுத்தார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

சினிமாக்காரர்கள் 'பேன்' என்பது வேறு. அங்கே கேமரா யாரோடும் போக வேண்டியதில்லை, வெறும் நிலக்காட்சியைத் தடவிக்கொண்டு போகலாம். 'பனோரமா'வைச் சுருக்கி வந்த சொல்தானே அது. அதற்குக் 'கிடைவீச்சு', மேலும் கீழும் சாய்ப்பதற்கு 'நெடுவீச்சு' என்று வைத்தால் மூன்றும் ஒரு குடும்பமாகிவிடும். இங்கே ஒளிப்பதிவு தெரிந்தவர்கள் இருந்தால் குறுக்கே விழுந்து திருத்துங்கள்.

தம்பி, அடுத்த பந்தயத்துக்குப் போகும்போது காலையில் நடக்கும் கற்றுக்குட்டிப் பிரிவுகளையும் விடாதீர்கள். கூட்டம் குறைவு, தடுப்பின் ஓரம் நல்ல இடம் கிடைக்கும். கை பழகிவிட்டால் மாலையில் பெரிய ஆட்கள் வரும்போது பதற்றம் இருக்காது. 'உடன்வீசு' என்ற சொல்லையும் பக்கத்தில் நிற்கும் தமிழர் யாரிடமாவது விளக்கமில்லாமல் சொல்லிப் பாருங்கள். திரும்பிப் பார்த்து முழித்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
எடிசனிலிருந்து

பி.கு.: பந்தயத்தில் ஒன்றாகத் திரண்டு போகும் கூட்டமான பெலோட்டானுக்கு யாராவது தனி இழை தொடங்குங்கள். 'சைக்கிள் திரள்' என்று நான் இப்போதே துண்டு போட்டுவைக்கிறேன்.